மறுப்பவரின் சொல்: குருதியேற்றமும் முன்கூட்டிய மருத்துவ ஆவணமும்

1979ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து வடபகுதியில் நிகழ்ந்த சாலை விபத்தொன்றில் கணவர் உயிரிழந்தார்; 57 வயதான மனைவி நினைவிழந்த நிலையில் கிர்க்லாண்ட் லேக் என்னும் ஊரின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். தலையிலும் முகத்திலும் கடுமையான காயங்கள், குருதி பெருகிக்கொண்டிருந்தது. அவர் யாரென அறிவதற்காகக் கைப்பையைத் திறந்த செவிலியர், பிரெஞ்சு மொழியில் அச்சிடப்பட்ட சிறிய அட்டையொன்றைக் கண்டெடுத்தார். தாம் யெகோவாவின் சாட்சிகள் சமூகத்தைச் சேர்ந்தவர் என்றும், எந்நிலையிலும் தமக்குக் குருதி ஏற்றலாகாது என்றும், அதனால் விளையக்கூடியதைத் தாம் அறிந்தே இவ்வாறு கேட்டுக்கொள்வதாகவும் அதில் கண்டிருந்தது. கையொப்பம் இருந்தது; தேதி இல்லை, சாட்சிகளின் கையொப்பமும் இல்லை.

பணியிலிருந்த மருத்துவர் அட்டையைப் பார்த்தார். அது இன்றும் அப்பெண்மணியின் கருத்துத்தானா என்பதை உறுதிசெய்ய வழியில்லை. குருதி ஏற்றாவிடின் உயிர் போய்விடும் என்பதோ அவருக்கு உறுதி. பொறுப்பைத் தாமே ஏற்றுக் குருதி ஏற்றினார். பின்னர் வந்து சேர்ந்த மகள் அதனை நிறுத்துமாறு வற்புறுத்தியும் நிறுத்தவில்லை. நோயாளி பிழைத்தார், நலம் பெற்றார், வழக்குத் தொடுத்தார். 1990இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், மருத்துவரின் திறமையையும் நன்னோக்கத்தையும் ஐயமின்றி ஒப்புக்கொண்டபின்னரும், அவர் செய்தது அனுமதியின்றி ஒருவர் உடலைத் தீண்டிய குற்றமே எனக் கீழ்நீதிமன்றம் விதித்த 20,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. மாலெட் எதிர் ஷுல்மன் என அறியப்படும் இத்தீர்ப்பு, மருத்துவச் சட்டம் பயில்வோர் உலகெங்கும் படிக்கும் தீர்ப்பாக இன்று விளங்குகின்றது.

உயிரைக் காத்தவர் தண்டம் செலுத்துவதா என்னும் கேள்வி இதைக் கேட்கும் எவர் உள்ளத்திலும் எழும். முஸ்லிம் வாசகருக்கோ அதனினும் கூர்மையாக எழும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்று அல்மாயிதா அத்தியாயத்தில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் இவ்வழக்கைச் சற்று நின்று நோக்குவோமாயின், நமது ஃபிக்ஹு நூல்கள் முன்பே தொட்டுச்சென்ற, ஆனால் நாம் இன்னும் முடித்துவைக்காத ஒரு வினா இதனுள் அடங்கியிருப்பது புலப்படும்.

முதலில் மறுப்பவர்களைப் பற்றிச் சில செய்திகள். 1870களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சார்ல்ஸ் டேஸ் ரசல் தொடங்கிய விவிலிய ஆய்வுக் குழுவிலிருந்து கிளைத்த இச்சமூகம் 1931இல் இப்பெயரைச் சூடிக்கொண்டது. குருதியேற்றத் தடை தொடக்க காலத்துக் கொள்கையன்று. 1945இல்தான் அவர்களது காவற்கோபுரம் இதழ் அதனை வேதத்துக்கு முரணானது என்று அறிவித்தது. 1961இல் அது சமூகத்தினின்றும் விலக்கப்படுதற்குரிய குற்றமாயிற்று. ஆதியாகமத்திலும் லேவியராகமத்திலும் குருதியை உண்ணலாகாதென வரும் கட்டளைகளும், அப்போஸ்தலர் நடபடிகளின் பதினைந்தாம் அதிகாரத்தில் குருதிக்கு விலகியிருங்கள் என வரும் பணிப்பும் அவர்களது ஆதாரங்கள். வாய்வழி உண்பதற்கும் நாளவழி ஏற்றுவதற்கும் வேறுபாடு இல்லை என்பது அவர்களது கியாஸ் எனலாம். யூதரும் குருதியுண்பதை விலக்கியவர்களே. எனினும் உயிர்காத்தல் ஏனைய கட்டளைகளை விஞ்சும் என்னும் விதியால் குருதியேற்றத்தை அவர்கள் ஏற்கின்றனர். பிற கிறிஸ்தவத் திருச்சபையினரோ அவ்வசனங்களை உணவைப் பற்றியன என்றே கொள்கின்றனர்.

இக்கொள்கை அசையாது நின்றதுமன்று. சிவப்பணு, வெள்ளணு, குருதித்தட்டு, பிளாஸ்மா ஆகிய நான்கும் விலக்கு. அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின், உறைதற்காரணிகள் போன்ற கூறுகளை ஏற்பதும் விடுவதும் அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது என 2000ஆம் ஆண்டில் தெளிவாக வகுக்கப்பட்டது. உறுப்பு மாற்றத்தை 1967இல் நரமாமிசம் உண்பதற்கு ஒப்பிட்ட அதே இதழ், 1980இல் அதனைத் தனிமனிதரின் மனச்சான்றுக்கு விட்டுவிட்டது. இடைப்பட்ட பதின்மூன்றாண்டுகளில் சிறுநீரகத்தை மறுத்து மாண்டவர் எவரேனும் இருப்பின் அவர்களது கணக்கு எவர் பொறுப்பில் சேரும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. ஃபத்வா வழங்குவோர் எச்சமூகத்தினராயினும் அஞ்சவேண்டிய இடம் இது. தலையில் காயம்பட்ட ஒருவர், குளிப்புக் கடமையானபோது தயம்மும் செய்யலாமா என வினவ, கூடாதென்று தோழர்கள் கூறிவிட, குளித்து மாண்டுபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், அவரை அவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கடிந்துகொண்டதாக ஜாபிர் (ரலி) வழியாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

நம் பக்கம் வருவோம். குருதி நமக்கும் விலக்கப்பட்டதே. அல்பகரா 173, அல்மாயிதா 3, அந்நஹ்ல் 115 ஆகிய வசனங்கள் தானாகச் செத்ததையும் பன்றியிறைச்சியையும் குருதியையும் ஒருசேர விலக்குகின்றன. அல்அன்ஆம் 145 ஓடும் குருதி என்று அதனை வரையறுக்கின்றது. ஆனால் விலக்கு வந்த அதே மூச்சில், வரம்பு மீறாமலும் விரும்பிச் செல்லாமலும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்ற சலுகையும் வருகின்றது. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும், நிர்ப்பந்தம் அதன் அளவைக்கொண்டே அளக்கப்படும் என உஸ்மானியரின் மஜல்லா தன் 21, 22ஆம் விதிகளாகப் பதித்துக்கொண்டவை இதன் சாரமே. சாட்சிகள் தம் வேதத்தில் அத்தகைய சலுகையைக் காணவில்லை. பசியால் தளர்ந்த சவுலின் படைவீரர் குருதியோடு இறைச்சி உண்டதும் பாவமாகவே எண்ணப்பட்டது என்று சாமுவேலின் நூலைக் காட்டுகின்றனர். இரு சாராரிடையே உள்ள வேற்றுமை குருதியைப் பற்றியது என்பதைவிட நிர்ப்பந்தத்தைப் பற்றியது என்பதே பொருந்தும்.

எனினும் நம் அறிஞர் இதனை ஒரே தாவலில் கடந்துவிடவில்லை. நஜீஸான பொருளால் மருத்துவம் செய்யலாமா என்பது பழைய கேள்வி. வேறு தூய மருந்து இல்லாதபோது, போதைப்பொருள் நீங்கலான நஜீஸை மருந்தாகக் கொள்ளலாம் என்று இமாம் நவவி (ரஹ்) அல்மஜ்மூஉவில் ஷாஃபிஈ மத்ஹபின் நிலையை நிறுவியுள்ளார். ஹனஃபிகளுக்கு மற்றோர் இடர்: குருதி மனித உடலின் கூறு, மனித உடற்கூறு கண்ணியத்துக்குரியது, பயன்பாட்டுக்குரியதன்று. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) இதற்குக் கண்ட விடை அழகானது. தாய்ப்பாலும் மனித உடலின் கூறே. அது அறுவையின்றிச் சுரந்து வெளிவருகின்றது. குழந்தைக்கு உணவாகவும், தேவைப்படின் பெரியோர்க்கு மருந்தாகவும் அதனை ஹனஃபி அறிஞர் ஆகுமாக்கியுள்ளனர். குருதியும் உறுப்பை வெட்டாமல் பெறப்படுவதால் நிர்ப்பந்தத்தில் அதனோடு ஒப்பிடத்தக்கது என்றார் அவர். பால் என்றதும் பால்குடி உறவு உண்டாகுமோ என்னும் வினா தொடர்வது இயல்பு. உண்டாகாது என்று 1989இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் தீர்மானித்தது.

ஆக, குருதி கொட்டி உயிருக்குப் போராடும் முஸ்லிம் அதனை மறுக்கலாமா? நிர்ப்பந்தத்தில் செத்ததை உண்பது வெறும் அனுமதியன்று, கடமை என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான சொல். மருத்துவத்தைப் பொறுத்தவரை மத்ஹபுகள் வேறுபட்டே நின்றன. மருந்துண்பது விரும்பத்தக்கது என்பர் ஷாஃபிஈகள். ஆகுமானது என்பர் ஹனஃபிகளும் மாலிகிகளும். விட்டுவிடுவது மேல் என்று இமாம் அஹ்மத் (ரஹ்) வழியாக வந்துள்ளது. இவ்வேற்றுமைக்கு ஒழுங்கு தந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). இஹ்யாவின் தவக்குல் பற்றிய நூலில், தீங்கை நீக்கும் காரணங்களை அவர் மூவகையாக்குகின்றார். பசிக்கு உணவும் தாகத்துக்கு நீரும் போல உறுதியானவை முதல்வகை. இவற்றை விடுவது தவக்குலாகாது, மரணம் அஞ்சப்படுமிடத்து ஹராமாகும். குருதி குத்தி வாங்குதல், பேதிமருந்து போல் பயன் தரக்கூடும் என எதிர்பார்க்கப்படுபவை இரண்டாம் வகை. செய்வது தவக்குலுக்கு முரணன்று, விடுவதும் தடையன்று. சூடிடுதல், மந்திரித்தல் போல் ஐயத்துக்குரியவை மூன்றாவது. அவர் காலத்து மருத்துவம் பெரும்பாலும் இரண்டாம் வகையில் நின்றது. இன்று பெருங்காயம்பட்டவருக்கு ஏற்றப்படும் குருதி முதல்வகையை எட்டியுள்ளது என்பதே என் துணிபு. அதே குருதி, சற்றே சோகை கண்டவருக்கு ஏற்றப்படும்போது இரண்டாம் வகைக்கு இறங்கிவிடுகின்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்தப் பிற்கூற்றை மருத்துவ உலகுக்குக் கற்பித்தவர்களில் சாட்சிகளுக்குப் பெரும்பங்குண்டு என்பது வியப்பான செய்தி. ஹூஸ்டன் நகரின் இதய அறுவை வல்லுநர் டென்டன் கூலி அச்சமூகத்தினர்க்குக் குருதி ஏற்றாமலேயே இதய அறுவைகள் செய்து, 542 பேரின் அனுபவத்தை 1977இல் வெளியிட்டார். தீவிர சிகிச்சை நோயாளிகள் 838 பேரிடம் கனடாவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு, ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் இறங்கும்வரை பொறுத்திருந்து குருதி ஏற்றப்பட்டவர்கள், தாராளமாக ஏற்றப்பட்டவர்களைவிடத் தாழ்ந்துவிடவில்லை என்று காட்டியது. குருதி மறுத்த அறுவை நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளிவந்த கணக்கும் உண்டு: ஹீமோகுளோபின் 7.1க்கும் 8க்கும் இடைப்பட்டோரில் எவரும் இறக்கவில்லை, 4.1க்கும் 5க்கும் இடைப்பட்டோரில் 34.4 விழுக்காட்டினர் இறந்தனர். முன்னதைப் படித்துக் குருதியை அஞ்சுவோர் பின்னதையும் படிக்கவேண்டும். மறுப்பு சில நேரங்களில் கொல்லவே செய்கின்றது.

அவ்வாறு கொல்லக்கூடிய மறுப்பு நம் பார்வையில் தவறு, சரி. தவறு என்பதால் அதனை வலிந்து முறியடிக்கும் உரிமை மருத்துவருக்கு வந்துவிடுமா? இது வேறு வினா. இங்கேதான் நம்மவரில் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

கொள்கைக்காக உயிரைப் பணயம் வைப்பதன் உட்பொருள் நமக்குப் புதிதன்று. வதையின்கீழ் இறைமறுப்புச் சொல்லை நாவால் மொழிந்த அம்மார் (ரலி) சலுகையைப் பற்றினார். மொழிய மறுத்து மாண்ட அவர் அன்னை சுமைய்யா (ரலி) உறுதியைப் பற்றினார். ருக்ஸத், அஸீமத் என இவ்விரண்டையும் நாம் பிரித்துப் போற்றுகின்றோம். குருதியை ஏற்பதைச் சுமைய்யாவின் நிலையில் வைத்துக் காண்பவர் யெகோவாவின் சாட்சி. அவர் வைத்த இடம் பிழையென நாம் வாதிடலாம். அவர் உள்ளத்தில் நிகழ்வது என்னவென்று புரியவில்லை என்று மட்டும் நாம் சொல்லமுடியாது. இறைவணக்கமாகக் கருதி நாட்டுப்பண் பாடாது அமைதியாக எழுந்து நின்ற அச்சமூகத்துப் பிள்ளைகள் மூவரைக் கேரளப் பள்ளியொன்று நீக்கியபோது, 1986இல் அது செல்லாதென நீதிபதி சின்னப்ப ரெட்டி உச்சநீதிமன்றத்தில் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின் நிழலில் இந்நாட்டின் சிறுபான்மையினர் அனைவரும் ஒதுங்கியிருக்கின்றோம்.

நோயாளியின் மறுப்பைப் பற்றிப் புகாரியில் ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சியொன்று இவ்விடத்தில் உரிய கவனத்தைப் பெறவில்லை என்று தோன்றுகின்றது. நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது வீட்டார் வாயின் ஓரத்தில் மருந்து புகட்டினர். அதற்கு லதூத் என்று பெயர். வேண்டாமென்று அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின்மீது இயல்பாக எழும் வெறுப்பென்று எண்ணி வீட்டார் புகட்டிவிட்டனர். தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா எனக் கேட்டு, தாம் பார்த்திருக்க அவ்வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் அம்மருந்தைப் புகட்டுமாறு பணித்தார்கள். உடனிருந்திராத அப்பாஸ் (ரலி) மட்டும் விலக்கு. அன்பினால் செய்யப்பட்டதே அது. சைகையால் வெளிப்பட்ட மறுப்பை, அது நோயின் குணமென்று பொருள் மாற்றிக்கொண்டதே குறையாக எண்ணப்பட்டது. கிர்க்லாண்ட் லேக்கின் மருத்துவரும் அட்டைக்கு இத்தகைய மாற்றுப்பொருள் ஒன்றையே கற்பித்துக்கொண்டார். வலிப்பு நோயுற்ற பெண்மணிக்குப் பொறுமையையும் பிரார்த்தனையையும் இரு வழிகளாகக் காட்டித் தேர்வை அவரிடமே நபியவர்கள் விட்டதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992 மே மாதம் நிறைவேற்றிய தீர்மானம் இன்று பரவலாக எடுத்தாளப்படுகின்றது. விட்டுவிட்டால் உயிரோ உறுப்போ போய்விடும் என்னும் நிலையில் மருத்துவம் கடமை; தகுதியுடைய நோயாளியின் அனுமதி தேவை; காப்பாளரின் மறுப்பு பிள்ளைக்குத் தெளிவான தீங்கு தருமாயின் அம்மறுப்பு கணக்கில் கொள்ளப்படாது; உயிராபத்தான அவசர நிலையில் மருத்துவம் அனுமதியை எதிர்பார்த்து நில்லாது. இந்த இறுதி விதியைக் காட்டி, அட்டையைப் புறக்கணிக்கலாம் என வாதிடுவோர் உளர். என் வாசிப்பு வேறு. அனுமதி பெற இயலாத நிலைக்கும் மறுப்பு முன்னரே தெரிந்த நிலைக்கும் உள்ள தூரம் பெரிது. மௌனமாகக் கிடப்பவர் வாழவே விரும்புவார் என்று கொள்வது நியாயமான ஊகம். பேசிவிட்டுப் பின்னர் நினைவிழந்தவரிடத்தில் ஊகத்துக்கு இடமில்லை. அவசர விதி முன்னவருக்கு உரியது. பிற சமயத்தவரை அவர்கள் மார்க்கமெனக் கொண்டதனோடு விட்டுவிடல் என்னும் ஹனஃபி நெறியையும் இங்கு நினைவுகூரலாம். அது திருமணம், உடைமை பற்றி எழுந்த நெறியாதலின் உயிர் விடயத்தில் அதனைத் தனிச்சான்றாக நான் கொள்ளவில்லை.

ஆனால் பேசியவர் உண்மையில் அவர்தாமா? 1992இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது இவ்வினா. விபத்துக்குள்ளான இருபது வயதுக் கர்ப்பிணி, தாயார் சாட்சி, அவர் அச்சமூகத்தில் சேர்ந்தவரல்லர். தாயாருடன் தனித்திருந்த பின்னரே குருதி வேண்டாமென்றார். மாற்று வழிகள் உண்டென்று அவருக்குக் கூறப்பட்டிருந்தது; கையொப்பமிட்ட தாள் அவருக்கு விளக்கப்படவுமில்லை. அம்மறுப்பு தாயின் அழுத்தத்தால் விளைந்தது, உயிர் போகும் நிலைக்கெனக் கூறப்பட்டதுமன்று, ஆதலின் செல்லாது என்றது நீதிமன்றம். சிறுவர் விடயத்தில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் குருதியின் பக்கமே நின்றுள்ளன. ஜித்தாத் தீர்மானமும் அவ்வாறே. அதற்கும் எல்லையுண்டு. 1990இல் அதே இங்கிலாந்தில் வெண்குருதிப் புற்றுநோய் கண்ட பதினைந்து வயதுச் சிறுவனுக்கு நீதிமன்ற ஆணையால் குருதி ஏற்றப்பட்டது. பதினெட்டு நிரம்பியதும் அவன் மறுத்தான்; மாண்டான். புலூகு எய்தியவரைத் தக்லீஃபுக்கு உரியவராகக் கொள்ளும் நாம் அச்சிறுவனை எந்த வயதில் பேசவிட்டிருப்போம் என்பது எளிதில் விடை சொல்லக்கூடியதன்று.

ஸ்பெயினில் 2018இல் முன்கூட்டிய ஆவணத்தை முறைப்படி பதிந்திருந்த ஒரு பெண்மணி மத்ரித் நகர மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டபோது, அவசரமாக அணுகப்பட்ட நீதிபதியிடம் அவரது நிலை குறித்து முழுத்தகவல் தரப்படாமலேயே அனுமதி பெறப்பட்டது; அறுவையின்போது குருதி ஏற்றப்பட்டது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை 2024 செப்டம்பர் 17 அன்று இதனை உரிமை மீறலெனத் தீர்ப்பளித்தது. எழுதியிருந்தும் எழுத்து உரிய கையைச் சேராதுபோனதே அங்கு நேர்ந்தது.

இந்தியாவில் இத்தகைய ஆவணத்துக்கு இடமளித்தது, காமன் காஸ் அமைப்பின் வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்ற அரசமைப்பு அமர்வு தந்த தீர்ப்பு. (விலைக்குக் குருதி கொடுப்போர் முறையை 1998 ஜனவரி முதல் ஒழிக்கச்செய்ததும் இதே அமைப்பு தொடுத்த, 1996இல் தீர்ப்பான வழக்கே. குருதியின் விலையைத் தடுத்த நபிமொழியை ஓதும் நமக்கு அது மகிழ்வுக்குரிய செய்தி.) நீதித்துறை நடுவரின் முன்னிலை வேண்டுமென 2018இல் விதித்த கடுமையை 2023 ஜனவரியில் நீதிமன்றமே தளர்த்தியது, இரு சாட்சிகளும் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவுபெற்ற அலுவலரின் சான்றும் இப்போது போதும். ஆயின் இது மீளவியலாத நோயில் உயிர்தாங்கு கருவிகளை விலக்குவதற்கானது. பிழைக்கக்கூடியவர் குருதியை மறுப்பது இதனுள் நேராக அடங்காது. அது, நோயாளியின் இசைவு பற்றி 2008இல் சமீரா கோலி வழக்கில் சொல்லப்பட்ட பொதுநெறியைச் சார்ந்து நிற்பது.

நம் சமூகத்தில் இவ்வாவணத்தை எழுதுவோர் அரிது. மய்யித்தைக் குளிப்பாட்டுவது யார், சொத்தில் மூன்றிலொன்று எதற்கு என்றெல்லாம் வஸிய்யத் எழுதும் குடும்பங்களில்கூட, மூளை செயலிழந்தபின் சுவாசக் கருவி தொடரவேண்டுமா என்பது பேசப்படுவதில்லை. மூளை முற்றிலும் மீளாது செயலிழந்ததை மருத்துவர் உறுதிசெய்தபின் கருவியை விலக்கலாம் என்று 1986இலேயே அம்மான் அமர்வில் அகாடமி தீர்மானித்திருந்தும், அவ்வேளையில் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கின்றனர்.

எழுதினால் ஷரீஅத்தில் அது என்ன பெயர் பெறும்? வஸிய்யத் மரணத்துக்குப் பின்னரே உயிர்பெறுவது. இதுவோ உயிருள்ளபோதே தேவைப்படுவது. எனவே வகாலத் என்று சொல்லத் தோன்றும். அதிலும் சிக்கலுண்டு. வகாலத் கொடுத்தவர் மாண்டாலோ பித்துற்றாலோ அது முறிந்துவிடும்; மயக்கமுற்றாலும் முறியும் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லென மின்ஹாஜ் குறிக்கின்றது. எந்த நொடியில் பிரதிநிதி பேசவேண்டுமோ அந்த நொடியிலேயே அவர் பதவி இழக்கின்றார். வாங்கல் விற்றலை எண்ணி வகுத்த விதி என்பது தெளிவு. எனினும் அரபுக் கல்லூரிகளில் மின்ஹாஜ் ஓதிக்கொடுக்கும் ஆலிம்களிடம் இக்கேள்வியை எடுத்துச்சென்றால் அவர்கள் முதலில் காட்டுவது இவ்வரியைத்தான். எனக்குத் தோன்றும் வழி இது: ஆவணத்தை வகாலத்தாகக் கொள்ளாமல், நோயாளியின் விருப்பத்துக்கான சாட்சியமாகக் கொள்ளலாம். அவ்வாறாயின் மயக்கம் அதனை முறிக்காது. கடன் உண்டென எழுதிவைத்தவர் மயங்கினால் எழுத்து பொய்யாகிவிடுவதில்லையே. முடிவெடுக்கும் வலீ அச்சாட்சியத்துக்குக் கட்டுப்பட்டவராவார். உடல் அமானத் ஆதலின் ஷரீஅத் கடமையாக்கியதை விலக்கும் வாசகம் அதில் இடம்பெற இயலாது. பெருங்காயத்தில் குருதி வேண்டாமென்று ஒரு முஸ்லிம் எழுதினால் அது பாவத்தை எழுதியதாகும். மீட்சியில்லை என்று நம்பகமான மருத்துவர் மூவர் கூறியபின் கருவி வேண்டாமென்பதையோ, இன்னாரிடம் கேட்டு முடிவுசெய்க என்பதையோ எழுதத் தடையில்லை. ஜமாஅத்துல் உலமா போன்ற பேரவைகள் இரு மத்ஹபினரும் கையொப்பமிடத்தக்க மாதிரி வாசகமொன்றை மருத்துவரையும் வழக்கறிஞரையும் அருகமர்த்தி வகுத்துத் தரவேண்டும். அது தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். தேதியும் சாட்சிகளின் கையொப்பமும் இடுவதற்கு இடம் விட்டிருக்கட்டும்.